கீதா & மாலா

வெள்ளிக்கிழமை.

போன வாரம்தான் நைனா படகுக்கு எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து ‘கீதா & மாலா’ என்று எழுதினார். ஏரியில் யாருக்கு எந்த இடத்தில் பாடு, அதாவது வலை போடும் முறை, என்று செய்தி அனுப்புவது கணினியில் நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு. படகின் பெயரையும் இடத்தையும் தட்டினால் போதும். நேற்று நைனாவுக்குப் போன செய்தியில் ‘கீதா’ மட்டும்தான் இருந்தது. இடம் இல்லை. இன்று குத்துமதிப்பாகப் போனவரை அந்த இடத்து முறைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தங்கை மாலா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“நடுவுல & இருக்குல்லக்கா, அதோட கட்டளை முடிஞ்சிச்சினு ஷெல் நெனைச்சுக்கும்.”

பெயரின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள். செய்தி முழுதாக வந்தது.

“இத்தினி நாளா நீ இன்னாதான் பண்ணினு இருந்தே?” என்று நைனா என்னைக் கேட்டார். ராத்திரி பெரிய நண்டாகப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தார். வருஷம் முழுக்க அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிறவள் நான். எனக்கு நண்டுக் கால்கள்தான் வந்தன.

மாலா பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நேற்று ஒரு நாள் அந்தப் படகு என் பெயரில் மட்டும் இருந்தது. அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.