பம்பு குழி விளக்கு

கார்த்திகை, வியாழன் இரவு.

அண்ணன் இன்று வீட்டுக்கு வந்தான். சுரங்கத்துப் பம்பு குழியில் விளக்கு மாட்டும் கான்ட்ராக்ட் அவனுடையது. எந்நேரமும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், வீட்டுக்குள் மாட்டும் சாதா விளக்கை மாட்டியிருக்கிறான். உள்ளே தண்ணீர் இறங்கி, அதைத் தொட்ட என் கணவருக்கு ஷாக் அடித்தது. வலது கை இன்னும் மரத்துக் கிடக்கிறது.

"தண்ணி உள்ள போவாத லைட்டுதானேண்ணா போடச் சொன்னாங்க?" என்றேன்.

"அது வெலை ஜாஸ்திம்மா. ஈரக் கையோட தொட்டுட்டேன்னு நாளைக்கு விசாரணையில மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்லு."

"அவரு எதுக்கு? நானே வந்து சொல்றேண்ணா."

நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கழற்றிய விளக்கை அவருடைய கூட்டாளி எங்களிடம் கொடுத்திருக்கிறார். கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் அப்படியே நிற்கிறது. நாளை அதை அதிகாரிகளின் மேசையில் வைப்பேன். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைப்பேன்.