படம் முடியும் வரை

இன்று அலுமாரியைத் துடைக்கும்போது அந்த வீடியோ கசெட் என் காலில் விழுந்தது. பெருவிரல் இன்னும் விண் விண்ணென்று வலிக்கிறது. நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். ஆனால் மேலே அன்றைக்கு ஒரு பொலிஸ்காரர் நீலப் பேனாவால் சிங்களத்தில் எழுதியது அப்படியே இருக்கிறது: "சீன அடிபிடிப் படம். முழுக்கப் பார்த்தாயிற்று." சிரிப்பு வந்தது. பிறகு உம்மீது கோபம் வந்தது, சிநேகிதி. போட்டுப் பார்க்க வீடியோ டெக்கும் இல்லை, பக்கத்தில் இருந்து கத்த நீரும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மாத்தளைக்கு வந்த புதிதில், கந்தோரில் பக்கத்து மேசை உம்முடையது. ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிய, என்னை உமது வீட்டுக்கு இழுத்துப்போய், பிளேன்டீ தந்து படம் போட்டீர். நான் ஏதோ குடும்பப் படமாக்கும் என்றிருந்தேன். ஒரு கிழவர் பாய்ந்து மதிலில் மோதினார், மதில் ஆடியது.

"ஐயோ, இதென்ன கண்றாவி?" என்றேன்.

"அழுவுற படம் பாக்கணுமா? வீட்டுல அழுவுறது பத்தாதாக்கும்! பேசாம பாருங்க."

பார்த்தேன், பைத்தியமானேன். எந்தப் படத்திலும் அதே முற்றம், அதே மதில். முதற் சண்டையில் செத்தவன் அடுத்த சண்டைக்கு மீசை ஒட்டிக்கொண்டு வருவான். அடி விழுமுன்னே சத்தம் வந்துவிடும். பாஷை விளங்காத குறையை நீர் தீர்த்துவைத்தீர். வில்லனுக்கு எங்கள் தலைமை எழுதுவினைஞரின் மூக்கடைத்த குரல். "லீவு கெடையாது, போ!" என்று அவன் வாளை ஓங்க, எனக்குத் தேநீர் புரையேறும்.

"காசில்லாம எடுத்த படங்க. தாடி பொய், மதிலு பொய். அந்தக் குதி மட்டும் பொய்யில்ல. விழுந்து எப்படி எந்திரிக்கிறான் பாருங்க" என்பீர். எனக்கும் பிடித்தது அதுதான். ஊரெல்லாம் பெரிய பெரிய பேச்சாகக் கேட்ட காலம் அது. இங்கே ஒருவன் விழுந்தால் உண்மையாகவே விழுந்தான், பிறகு எழும்பினான்.

உமக்கு ஒரு பிடிவாதம். கடைசி எழுத்து ஓடித் திரை கறுக்கும் வரை எழும்பமாட்டீர். எனக்கோ வீட்டுக்குப் போக ரத்தோட்டை பஸ் அவசரம். "அவ்வளவு அடி வாங்கினவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்துவீர்.

அந்த ஞாயிறு, கலேவெலயில் உமது தம்பியின் வீடியோக் கடையில் இந்தக் கசெட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வழியில் சோதனைச் சாவடி. என் பையில் பெயர் ஒட்டாத கசெட், என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நாளில் இந்த இரண்டும் போதும், ஓர் ஆளைக் காணாமலாக்க.

"இயக்கத்து வீடியோவா?" என்று சார்ஜன்ட் கேட்டார். உமது அட்டையில் மாத்தளை. உம்மை மட்டும் பஸ்ஸில் ஏறச் சொன்னார். நீர், என்னை இருத்திய வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னீர்: "போட்டுப் பாருங்க மாத்தயா. படம் முடியாம நான் எந்திரிக்கிறதில்ல."

பஸ் போய்விட்டது.

எதிர்க் கடையிலிருந்து டெக்கும் டீவியும் வந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. திரை கறுப்பாகவே கிடந்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். நீர் என் கையை வளையல் நெரிய இறுக்கிப் பிடித்தீர். உமக்குப் பயமே கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு அந்த முற்றம் வந்தது, அதே மதில் வந்தது. "அடோ, மதில் ஆடுது!" என்று ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். கால் மணித்தியாலத்தில் எங்களை விட்டிருக்கலாம். ஒருவரும் எழும்பவில்லை. நீர் வில்லனுக்குச் சிங்களத்தில் குரல் கொடுத்தீர். முடிந்ததும் சார்ஜன்ட், சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

இனி மற்றதையும் எழுதவேண்டும். ஆஸ்பத்திரியில் உமது கடைசி நாள். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. ஐந்தரைக்கு என் பஸ். "நாளைக்கு வாறன்" என்று கையை விடுவித்து எழும்பினேன். நீர் கண்ணைத் திறந்து, "பஸ்ஸா?" என்றீர்.

"ஓம்."

"சரி, போங்க" என்று சிரித்தீர். ஏழு மணிக்கு எல்லாம் முடிந்ததாம். எனக்காகப் பஸ்ஸை விட்ட மனுஷியை விட்டுவிட்டு நான் பஸ் பிடித்திருக்கிறேன். இத்தனை வருஷமாக இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் பழைய தலைமை எழுதுவினைஞரை அதே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். எனக்கு லீவு தராத அதே மனுஷன்தான், அதே மூக்கடைத்த குரல்தான். வாங்கை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் பிள்ளை வந்து, "கடைசி பஸ் போயிடும் அம்மா" என்றாள்.

"போகட்டும் பிள்ளை" என்றேன். முடியும் வரை இருந்தேன்.