டேப் ஒட்டிய சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? வாசல் பனியை நீங்களே அள்ளாதீர்கள். வடக்கு டகோட்டா குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நம் ஃபுட்பால் அணி ஹாக்கின்ஸை வேறு அணிக்குத் தள்ளிவிட்டதே, அதுதான் எங்கள் வேலை முகாமெங்கும் பேச்சு. எட்டு வருடம் பந்தை நெஞ்சோடு அணைத்து, இடிபட்டு, நமக்காக ஓடியவன். பதிலுக்கு வருவது பெயர்கூடத் தெரியாத ஒரு கல்லூரிப் பையன்.

நம்மூர் கோர்ஸ்கி, சட்டை முதுகிலிருந்த ஹாக்கின்ஸ் பெயரை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு சாப்பிட வந்தான்.

"ஓட்டக்காரன் டயர் மாதிரிடா. தேஞ்சா கழட்டிப் போட வேண்டியதுதான்" என்றான்.

நாலு படி ஏறினால் நாய் மாதிரி இரைக்கிற பிரகிருதி!

"உன் பையனுக்கும் அவன் பேரைத்தானே வெச்சே? அவன் மேலயும் டேப் ஒட்டிருவியா?" என்றான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ப்ரூயிட்.

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. கோர்ஸ்கியும் வெட்கமில்லாமல் சிரித்தான். இந்த மூளைகள்தான் அணிக்குப் புத்தி சொல்கின்றன.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிறு ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது என் நாற்காலியில் இப்போது அக்கா வீட்டுக்காரர் உட்காருகிறாராமே? உட்காரட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அந்த நாற்காலியை இன்னும் வெண்டெல் நாற்காலி என்றுதானே சொல்கிறீர்கள்?

உங்கள் மகன்,
வெண்டெல்