அடி எடுத்துக் கொடுத்தவள்

சிகாகோ
20 பிப்ரவரி 1932

என் பிரியமான வெர்லீனுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன். மதுக்கடையில் பியானோ வாசிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். இப்போது சபையில் வாசிக்கிறேன். என் தாளத்தைக் கேட்டு இரண்டு போதகர்கள், "சாராயக்கடை ஆட்டத்தக் கோயிலுக்குள்ள கொண்டு வர்றியா?" என்று விரட்டினார்கள். மூன்றாமவர் சேர்த்துக்கொண்டார். பாட்டு ஏறினால் கூட்டம் எழுந்து கை தட்டுகிறது. அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. நாலு வருஷம் பிரிந்திருந்தது போதும். ஈஸ்டருக்கு வா, பிடித்தால் இங்கேயே இருந்துவிடு.

உன் கணவன்,
ஹோசியா

பைன் க்ரீக், அலபாமா
9 ஏப்ரல் 1932

அன்புள்ள ஹோசியா,

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் நம் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் இடமில்லை, பாதி வழி நின்றே வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்ததற்குக் கோபித்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் காலையில் உங்கள் போதகர், "சிஸ்டர், ஒரு பாட்டு பாடுங்க" என்றதும் நான் என்ன செய்வேன்? நம் ஊரில் செய்வதைத்தான் செய்தேன். "என் பாரம் பெரிது, என் பாதை தூரம்" என்று அடி எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றேன். இங்கே என்றால் மொத்தச் சபையும் அதை வாங்கி, இழுத்து இழுத்துப் பாடித் திருப்பித் தரும். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். முன்வரிசைத் தொப்பிக்காரி, "பாவம், அடுத்த வரி மறந்துபோச்சு போல. யாராச்சும் புஸ்தகத்தக் குடுங்களேன்" என்றாள். சிரித்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாது, போகட்டும். உங்களுக்குத் தெரியுமே! என் அப்பா அடி கொடுக்க, முதல் ஆளாக வாங்கிப் பாடித்தானே என் மனதைப் பிடித்தீர்கள்? ஈஸ்டரன்றோ பியானோ முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஒரே ஒரு குரல் போதுமாயிருந்திருக்கும். அத்தனை தனியாக நான் எங்கும் நின்றதில்லை.

வெர்லீன்

சிகாகோ
30 மே 1932

வெர்லீன் கண்ணே,

வெட்கமாயிருக்கிறது. கூடப் பாடினால் என்னையும் பட்டிக்காடு என்பார்களே என்று பயந்துவிட்டேன். அதை நினைத்து நினைத்து ஒரு பாட்டு எழுதினேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு கூட்டம் பதில் பாட இடம் விட்டிருக்கிறேன். சிரித்த அதே சபை இப்போது பதில் பாடுகிறது. மூன்று சபைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். அச்சடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். திரும்பி வாயேன். இந்தத் தடவை முதலில் நான் பாடுவேன், சத்தியமாக.

உன் ஹோசியா

பைன் க்ரீக்
26 ஜூன் 1932

அன்புள்ள ஹோசியா,

தாள் கிடைத்தது. எங்களில் யாருக்குச் சுரக்குறி தெரியும்? டீச்சரம்மா வார்த்தைகளை மட்டும் வாசித்துக் காட்டினாள். நல்ல பாட்டு. கேட்டுவிட்டு அழுதேன்.

இன்று அதையே நம் பழைய ராகத்தில் அடி எடுத்துக் கொடுத்தேன். சபை வாங்கிப் பாடியது. மூப்பர் கெய்னஸ், "யாரும்மா எழுதுனது?" என்றார். சொன்னேன். "அடேயப்பா, நம்ம ஹோசியாவா! எப்ப வர்றான்?" என்றார். "அவர் வரமாட்டார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நானும் வரமாட்டேன். வந்தால் ஞாயிறுதோறும், கூடப் பாடுவீர்களா என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது நமக்கு வேண்டாம். புதுப் பாட்டு எழுதினால் சபைக்கு அனுப்புங்கள், பாடுகிறோம். எனக்குக் கடிதம் மட்டும் போடாதீர்கள். உங்கள் எழுத்தைப் பார்த்தால் நாலு நாளைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை.

வெர்லீன்