நேற்று எடுத்த படம்

மட்டக்களப்பு,
வியாழக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? எண்ணெய் பூசுகிறீர்களா? நான் நல்ல சுகம். மன்னாரை விட இங்கே வெக்கை கூட, அவ்வளவுதான்.

என் போன் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் களுவாஞ்சிக்குடியில் நடத்தும் போராட்டத்தைப் பற்றி எங்கள் செய்தித்தளத்தில் எழுதியிருந்தேன். அதற்காகத் திங்கட்கிழமை பொலிஸில் கூப்பிட்டு நாலு மணித்தியாலம் விசாரித்தார்கள். பிளேன்டீ கூடத் தந்தார்கள். போனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் முகவரியையும் எழுதியெடுத்தார்கள். யாரும் வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் போராட்டத்தில் இலட்சுமிப்பிள்ளை என்றொரு அம்மா இருக்கிறார். அவருடைய மகனை இருபத்திரண்டு வயதில் கொண்டுபோனார்கள். அவர் கையில் பிடித்திருக்கும் படத்தில் மகனுக்குப் பன்னிரண்டு வயது.

"வேற படம் இல்ல புள்ள. இத வச்சு ஆருக்கு அவன அடையாளம் தெரியும்?" என்றார்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். ஒருத்திக்கு மட்டும் சமைத்து அலுத்துவிட்டது.

இத்துடன் என் படம் ஒன்று வைத்திருக்கிறேன், நேற்று ஸ்டூடியோவில் எடுத்தது. சுவரில் இருக்கும் பள்ளிக்கூடப் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். கன்னத்து மச்சம் கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

தபாற்கந்தோரைப் பூட்டப் போகிறார்கள்.

மகள்,
தனுஷா