அம்மா இறந்த அன்று நீ கைதட்டினாயாம்

என் ஒரே தம்பி ஜெயத்துக்கு,

நீ போய் இரண்டு மாதமாகிறது. சுவிஸில் உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோது என்னால் வர முடியவில்லை. எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, கனடாவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். உன் முகத்தைப் பார்க்காமலே முப்பத்தோராம் நாள் பூசை வைத்தேன். பங்கு மண்டபத்தில் வந்த சனத்துக்கெல்லாம் சாப்பாடு போட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அக்கா கல்லு என்று நீயே சொல்வாய்தானே.

வீட்டில் ரேடியோ இல்லை, கசெட் இல்லை. ஒரு வருடத்துக்குப் பாட்டென்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன். செத்த வீடு செத்த வீடாக இருக்க வேண்டாமா? உன் அத்தான் பாவம், ஹொக்கி மட்ச்சைக்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தால் வாசலில் றெஜி நிற்கிறான். சுவிஸில், லுசேர்னில் உன்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவன், அகதி முகாமில் உன் பக்கத்துக் கட்டில்காரன். இங்கே ரொக்ஸ்பரோவில் இருக்கும் தன் மாமியிடம் வந்த இடத்தில் என்னைத் தேடிப்பிடித்திருக்கிறான். தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் முதல் சொன்னது இதுதான்.

"உங்கடை தம்பிக்கு மியூசிக் எண்டால் பைத்தியம் அக்கா."

எந்தத் தம்பி என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

ஞாயிறென்றால் தேவாலயத்தில் ஓர்கன் கேட்கப் போவாயாம். கோடையில் ஏரிக்கரையில் பாண்ட் வாத்தியமாம். ஏதோ நிலத்துக்குக் கீழே இருக்கிற மதுச்சாலையில் ஜாஸாம். குளிர் முடிகிற காலத்தில் முகமூடிக்காரர் மேளமடித்துக்கொண்டு தெருவில் போனால் நீ பின்னாலேயே போய்விடுவாயாம், ஒருமுறை வேலைக்கே பிந்திவிட்டாயாம். ஜெர்மன் பாஷையில் ஒரு நாடகம், மூன்று மணித்தியாலம் முழுக்கப் பாட்டுத்தானாம், அரைவாசி விளங்காமலே இருந்து கேட்டாயாம்! டெலிபோனில் எனக்கு நீ சொன்னதெல்லாம் வேலை, குளிர், நித்திரை. ஏனடா மறைத்தாய்? அக்கா ஏசுவாள் என்றா? ஏசியிருப்பேன்தான்.

அத்தான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் றெஜி மற்றதையும் சொல்லிவிட்டான்.

"அம்மாவின்ரை செய்தி வந்த அண்டைக்கும் போனவன் அக்கா."

"எங்கை?"

"கொன்சேர்ட்டுக்கு. காலமை போன் வந்தது. பின்னேரம் சேர்ட்டை மாத்திக்கொண்டு வெளிக்கிட்டான். நானும் பயத்திலை பின்னாலை போனன்."

ஊரில் சண்டையால் பாதை பூட்டிக் கிடக்க, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இல்லாமல் போனவள் அம்மா. அன்றைக்கு நான் இந்த வீட்டுச் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தேன். நீ கச்சேரிக்குப் போயிருக்கிறாய்.

என் முகத்தைப் பார்த்து றெஜி பயந்துவிட்டான்.

"ஏசாதேங்கோ அக்கா. அறையிலை ஆறு பேர் நாங்கள். ஒருத்தன் அழத் தொடங்கினால் மற்ற அஞ்சு பேருக்கும் தாங்காது, அதாலை ஆரும் அழுறேல்லை. அங்கை லைட்டைக் குறைச்ச உடனை ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கமாட்டினம். முழு நேரமும் அழுதவன்."

கொஞ்சம் இளகினேன். "பேந்து?" என்று பிறகு நடந்ததையும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பேந்தென்ன, முடிய எல்லாரும் எழும்பிக் கை தட்டிச்சினம். அவனும் எழும்பி நிண்டு தட்டினவன். கை சிவக்கத் தட்டினவன்."

அழுததை மன்னிக்கலாம். கைதட்டியதை எப்படி மன்னிப்பது?

அன்று பின்னேரச் செபமாலையில் இறந்தவர்களின் பேர்களைச் சொல்லும்போது அப்பா, அம்மா என்று அதோடு நிறுத்திவிட்டேன். உன் பேர் வாயில் வரவில்லை. அத்தான் திரும்பி ஒருமுறை பார்த்தார். மூன்று கிழமை இப்படியே போனது. உனக்கென்று மன்றாட இந்தப் பூமியில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தெரிந்துகொண்டுதான் விட்டேன், ஜெயம். அவ்வளவு கோபம்.

போன புதன்கிழமை டவுன்டவுனில் வக்கீலைப் பார்த்துவிட்டு மெத்ரோ ரயிலுக்கு நடந்தேன். வழியில் ஒரு பெரிய தேவாலயத்து வாசலில் மத்தியானக் கச்சேரி என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது, யாரும் உள்ளே போகலாம். அப்படி என்னத்தைக் கண்டாய் நீ, பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைசி வரிசை வாங்கில் இருந்தேன்.

நாலு பேர் வயலின்களோடு வந்தார்கள். அதில் ஒன்று நிலத்தில் ஊன்றி வாசிக்கிற பெரியது. அது தொடங்கியதும் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதே. இரண்டு மாதமாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கண் துடைக்க லேஞ்சி இல்லை, சால்வையால் துடைத்தேன். றெஜி சொன்னது சரி, ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அழுகை எப்போது நின்றதென்று தெரியாது. ஓரிடத்தில் நாலு வாத்தியமும் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து விளையாடின, நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது, ஜெயம். செத்த வீட்டுக்காரி எனக்கு நன்றாக இருந்தது. நீ செத்துப்போனதையே கொஞ்ச நேரம் மறந்திருந்தேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். என் கை தட்டிக்கொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

உன்மேல் பாசம் இல்லாமலா தட்டினேன்?

அன்று பின்னேரம் அம்மாவின் பேருக்கு அடுத்ததாக உன் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அத்தான் அழுதுவிட்டார். இனி ஒரு நாளும் உன் பேரை விடமாட்டேன், இது சத்தியம். இன்னொரு வாக்கும் தருகிறேன். அங்கே வந்து அம்மாவைக் காணும்போது உன்னைப் பற்றிக் கோள் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் நீயும் என்னைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன்னைப் போலவே கைதட்டிவிட்டு நிற்கும்
உன் அக்கா