மாமா வாசித்த என் வரி

ஜூலை 12, திங்கள். தூறல்.
வருடம் 2603. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து பள்ளியில் அவன் கணக்கில்தான் எழுத வேண்டும். நான் பிறந்தது 1928. ஆக, வயது 675. பல் மட்டும் கெட்டி.

மாமாவுக்கு நாளை கிள்ளானில் கூட்டம். ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசிப்பவர். அந்தக் குரலுக்காகவே இந்தியர் சங்கத்தில் மேடை ஏற்றினார்கள். நாளை நன்றாகப் பேசினால் கிளைத் தலைவர். தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பார். ஒரு தடவை ‘பக்கம் திருப்பவும்’ என்பதையும் செய்தியோடு வாசித்தவர்.

உரையைப் படி எடுத்தது நான். நடுவே என் சரக்கு: “சோற்றைப் பார்த்து ஒரு மாதம் ஆனவர்கள் கை தூக்குங்கள்.” காலை ஒத்திகையில் அந்த வரியில் மாட்டுவார். கத்துவார். மரவள்ளிக்கிழங்கோடு ஒரு சிரிப்பு.

ஜூலை 13. வெயில்.
ஒத்திகை இல்லை. நான் எழுவதற்குள் லோரி வந்து ஏற்றிப் போய்விட்டது. தாளும்தான். ஒன்பது தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார். உயிரோடு. கூடவே மொழிபெயர்ப்பாளர் ஞானம் அண்ணே. மாமா வாசித்தே விட்டாராம். திடல் முழுக்கக் கை. என்ன சொன்னான் என்று ஜப்பான் அதிகாரி கேட்டாராம். அண்ணே அம்மாவிடம், மெதுவாக:

“சயாம் ரயில் வேலைக்கு வர சம்மதிச்சவங்க கை தூக்குறாங்கன்னு சொல்லிட்டேன்கா. வேற என்ன சொல்ல? இவன் தலை அங்கயே போயிருக்கும்.”

அதிகாரி கை தட்டினாராம். மாமா தலைவர்.

ஜூலை 14. புழுக்கம்.
எதிர்வீட்டு துரை அண்ணன் அந்த ரயில் வேலைக்குச் சயாம் போய் மூன்று மாதம். கடிதம் இல்லை. போனவர் யாரும் திரும்பவில்லை.

அதிகாரியிடமிருந்து ஆள். கை தூக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம், வெள்ளிக்குள். தலைவரின் முதல் வேலை.

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

“எழுதினது நீ. வாசிச்சது நான்தானே. வெளிய மூச்சு விடாதே.”

வியாழன்
ஒன்றும் இல்லை.

ஜூலை 16, வெள்ளி.
மாமா தாளும் பேனாவும் கேட்டார். படி எடுக்க நான் வேண்டாமாம். எட்டிப் பார்த்தேன். 1 என்று போட்டுத் தன் பெயர், தாத்தா பெயரோடு. கீழே 2, 3, 4. வெறும் எண்.

ஒரு தடவை வாசித்துப் பார்த்தார், செய்திக் குரலில். ஒரே பெயர். சீக்கிரம் முடிந்துவிட்டது.

வாசலில் லோரி, சயாமுக்கு.